பழைய ஹெச்61 போர்டு, ஐ7-2600: வெளியே விற்கும் கூலர் மாட்டலாமா?

காவேரிப்பட்டணம் ஆல்பம்:

எல்லோருக்கும் வணக்கம். காவேரிப்பட்டணத்தில் கல்யாண ஆல்பம் டிசைனும் வீடியோ எடிட்டிங்கும் செய்து வருகிறேன். என்னிடம் இருப்பது ஹெச்61 மதர்போர்டு, இன்டெல் ஐ7-2600 புராசஸர், 16 ஜிபி ராம், சின்னதாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டு. வாங்கும்போது இதில் ஐ3-2100 தான் இருந்தது. அப்புறம் செகண்ட்ஹேண்டில் ஐ7 கிடைத்து, அதையே மாற்றிப் போட்டுக் கொடுத்தார்கள். வேகம் கூடியது உண்மைதான். ஆனால் வைகாசி முகூர்த்தம் ஆரம்பித்ததிலிருந்து நிம்மதி இல்லை.

ஆல்பம் ஷீட் போடும்போது ஒன்றும் தெரிவதில்லை. வீடியோ ரெண்டர் போட்டால்தான் வினை. கொஞ்ச நேரத்தில் ஃபேன் மாவு மில் போல இரைய ஆரம்பிக்கிறது. புராசஸர் சூட்டைக் காட்டும் கோர் டெம்ப் சாஃப்ட்வேரில் பார்த்தால் 97, 98 டிகிரி. அதே நேரத்தில் 3.5 கிகாஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருந்தது 2-க்குப் பக்கத்தில் இறங்கிவிடுகிறது. ராத்திரி ரெண்டர் போட்டுவிட்டுத் தூங்கினால், சில நாள் காலையில் மெஷினே அணைந்து கிடக்கிறது. பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் மாறி மாறி போன் செய்கிறார்கள், என்ன பதில் சொல்ல?

கேபினட்டைத் திறந்து தூசி ஊதிவிட்டேன். புராசஸர் மேலே இருக்கும் ஃபேனைத் தொட்டால் ஒரு மூலை ஆடுகிறது. நாலு கறுப்புப் பின்னில் ஒன்று மட்டும் எழும்பி நிற்கிறது. அழுத்தினால் உட்காருகிறது, கையை எடுத்தால் மறுபடி மேலே வந்துவிடுகிறது.

கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் கேட்டேன். 12-ஆம் தலைமுறை புராசஸர் பெட்டியோடு வந்த கூலர், பயன்படுத்தாதது, 400 ரூபாய்க்குத் தருகிறேன் என்றார். "இதுவும் இன்டெல், உங்களுடையதும் இன்டெல், பொருந்தாமல் எங்கே போகும்" என்கிறார். இன்னொரு நண்பர், பெங்களூர் போனால் எஸ்.பி. ரோட்டில் 155 மி.மீ. உயரத்தில் நிமிர்ந்து நிற்கும் டவர் கூலர் ஒன்று வாங்கிப் போடு, பிரச்சினை தீரும் என்கிறார். இவ்வளவு பழைய போர்டில் அதெல்லாம் மாட்ட முடியுமா? இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடித்தால் தேவலை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர் கேமர்:

ப்ரோ, 2011-இல் வந்த புராசஸருக்கு எதுக்குக் காசைக் கொட்டுகிறீர்கள்? விண்டோஸ் 11 கூட முறைப்படி ஏறாது, விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. புது போர்டு, புது புராசஸர், 240 மி.மீ. லிக்விட் கூலர் என்று ஒரேயடியாகப் போய்விடுங்கள். என்னுடையது கேம் ஓடும்போது 65-ஐத் தாண்டியதே இல்லை.

நாலுரோடு சர்வீஸ்:

ஓசூர்த் தம்பி, உங்கள் ஊர்க் குளிருக்கு எந்தக் கூலர் போட்டாலும் 65-இல்தான் நிற்கும். கீழே காவேரிப்பட்டணத்துக்கு வந்து வைகாசியில் ரெண்டர் போட்டுப் பாருங்கள், அப்புறம் பேசலாம். முகூர்த்த சீசன் நடுவில் ஒருவரை மெஷின் மாற்றச் சொல்வது நாற்று நடும் நாளில் மோட்டாரைப் பிரி என்று சொல்கிற வேலை. அவர் கேட்டது கூலர். அதைப் பேசுவோம்.

நண்பரே, நான் தர்மபுரி நாலுரோட்டுப் பக்கம் பல வருடமாக சர்வீஸ் பார்க்கிறேன். முதலில் ஒன்று: அந்த 400 ரூபாய்க் கூலரை வாங்காதீர்கள். கடைக்காரர் கொடுப்பது நல்ல பொருளாகவே இருக்கலாம், ஆனால் உங்கள் போர்டில் உட்காராது. பிராண்ட் ஒன்றாக இருப்பது போதாது. புராசஸர் உட்காரும் சாக்கெட்டைச் சுற்றியுள்ள நாலு ஓட்டைகளுக்கு நடுவில் எத்தனை மில்லிமீட்டர் என்பதுதான் கேள்வி.

கிருஷ்ணகிரி மாவட்டம் எங்களிடமிருந்து பிரிந்துபோன அதே 2004-இல் வந்தது எல்ஜிஏ 775 சாக்கெட். அதில் ஓட்டைக்கு ஓட்டை 72 மி.மீ., சதுரமாக. 2009-இல் 1156 வந்தபோது அதை 75 ஆக்கினார்கள். அதற்குப் பிறகு 1155, 1150, 1151, 2020-இல் வந்த 1200 வரை சாக்கெட் பெயரை மாற்றிக்கொண்டே போனார்களே தவிர, கூலர் ஓட்டையை யாரும் தொடவில்லை. எல்லாம் 75. உங்களுடையது 1155, அதுவும் 75. 2021-இல் 12-ஆம் தலைமுறைக்கு 1700 சாக்கெட் கொண்டுவந்தபோதுதான் 78 ஆக்கினார்கள். அந்தப் பெட்டிக் கூலர் 78-க்குச் செய்தது. மூன்று மில்லிமீட்டர் தானே, கொஞ்சம் நெம்பினால் இறங்கிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நெம்பி இறக்கினால் ஒரு பின் சாய்ந்து நிற்கும், போர்டு வளையும், அடிப்பாகம் புராசஸரில் ஒரு ஓரம் மட்டும் படும். இப்போது இருக்கும் வியாதியையே காசு கொடுத்துத் திரும்ப வாங்கின கதைதான்.

சந்தேகம் இருந்தால் ஸ்கேலை மூலைக்கு மூலை வைத்து அளந்து பாருங்கள். ஓட்டையின் நடுவிலிருந்து எதிர் மூலை ஓட்டையின் நடுவுக்கு 106 மி.மீ. வந்தால் 75 சதுரம். 102-க்குப் பக்கத்தில் என்றால் 775. 110 என்றால் 1700. பக்கவாட்டில் அளப்பதைவிட இதில் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

அடுத்தது, எனக்கு உங்கள் பழைய கூலர் மேலேயே சந்தேகம். ஐ3-2100 என்பது 65 வாட் புராசஸர். ஐ7-2600 என்பது 95 வாட். ஐ3-யோடு வந்த கூலரையே ஐ7 மேலே வைத்து மூடிவிட்டார்களோ என்று நினைக்கிறேன். இன்டெல் பெட்டிக் கூலர் பார்க்க எல்லாம் ஒரே வட்டமாகத்தான் இருக்கும், கழற்றித் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். அடியில் நடுவில் செம்புக் கட்டை வைத்து, உயரமாக இருப்பது சூடு அதிகம் உள்ள புராசஸருக்குக் கொடுப்பது. முழுக்க அலுமினியமாகத் தட்டையாக இருப்பது சின்னதுக்கு. உங்களுடையது எது?

அந்த எழும்பி நிற்கும் பின்னைப் பற்றி. வெள்ளை பிளாஸ்டிக் கால் நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும். அது போர்டு ஓட்டைக்குள் போனபின் கறுப்புப் பின் அதற்குள் இறங்கி, அந்த இரண்டு பிளவையும் போர்டுக்குப் பின்பக்கம் அகட்டிப் பிடிக்கும். பிடிமானம் மொத்தமும் அந்த அகட்டலில்தான். பத்துப் பன்னிரண்டு வருடச் சூட்டில் அந்த வெள்ளைக் கால் அப்பளம் மாதிரி நொறுங்கும். ஒரு பிளவு உடைந்துவிட்டால் நீங்கள் எத்தனை முறை அழுத்தினாலும் எழும்பும். கழற்றும்போது பின்னின் தலையில் இருக்கும் அம்புக்குறி காட்டும் பக்கம் கால் சுற்று திருப்பி மேலே இழுங்கள். மாட்டும்போது அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பி இருக்க வேண்டும். இது தெரியாமல் ஸ்க்ரூ என்று நினைத்து முறுக்கிக்கொண்டே போகிறவர்கள் நிறையப் பேர்.

ரெண்டர் முடிந்து மெஷினை அணைத்ததும் சூடு இருக்கும்போதே கழற்றினால், புராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் தடவிய பேஸ்ட் இளகியிருக்கும், சுலபமாக வரும். கழற்றிவிட்டு இதையெல்லாம் பார்த்துச் சொல்லுங்கள்: அடியில் செம்பு உண்டா, புராசஸரின் மேல்தகட்டிலிருந்து கேபினட் மூடி வரை எத்தனை மி.மீ., கேபினட் தட்டில் சாக்கெட்டுக்குப் பின்னால் திறப்பு வெட்டியிருக்கிறதா, சாக்கெட் பக்கத்தில் வரிசையாக இருக்கும் சின்னக் கறுப்பு மாஸ்ஃபெட்டுகள் (புராசஸருக்குக் கரண்ட் கொடுப்பவை) மேலே ஹீட்சிங்க், அதாவது சூட்டை இழுக்கும் உலோகக் கட்டை இருக்கிறதா, பின்பக்கம் ஃபேன் மாட்ட இடம் உண்டா. கேபினட்டைப் படுக்க வைத்து, விளிம்புக்கு விளிம்பு ஒரு நீள ஸ்கேலைக் குறுக்கே போட்டு, இன்னொரு ஸ்கேலைச் செங்குத்தாக இறக்கினால் உயரம் சரியாகக் கிடைக்கும்.

காவேரிப்பட்டணம் ஆல்பம்:

அண்ணா, நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது. செம்பும் இல்லை ஒன்றும் இல்லை, வெறும் அலுமினியம். ஐ3-யோடு வந்த அதே கூலர்தான். பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்து, ஒரு ஓரத்தில் மட்டும் புராசஸரில் படிந்த தடம் தெரிகிறது. பின்னைப் பார்த்தேன், வெள்ளைக் காலில் ஒரு பாதியே இல்லை. கேபினட்டைச் சாய்த்தபோது அந்தத் துண்டு உள்ளேயிருந்து உருண்டு வந்தது.

மூலைக்கு மூலை 106 வந்தது. மேல்தகட்டிலிருந்து மூடி வரை 148 மி.மீ. ஆனால் மூடியின் உள்பக்கம் கறுப்பு பிளாஸ்டிக்கில் ஒரு புனல் நீட்டிக்கொண்டிருக்கிறது, அதைக் கணக்கில் சேர்த்தால் இன்னும் குறையும். சாக்கெட்டுக்குப் பின்னால் திறப்பு எதுவும் இல்லை, முழுத் தகடு. மாஸ்ஃபெட்டுகள் மேலே ஹீட்சிங்க் கிடையாது. பின்னால் 80 மி.மீ. ஃபேனுக்கு ஓட்டை இருக்கிறது, ஃபேன் இல்லை. எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) மேலே இருக்கிறது.

அப்படியானால் நண்பர் சொன்ன 155 மி.மீ. டவர் 7 மி.மீ. இடிக்கும், இல்லையா?

ஓசூர் கேமர்:

மூடியைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுங்களேன் ப்ரோ. காத்தோட்டமும் கிடைக்கும்.

நாலுரோடு சர்வீஸ்:

மூடியைக் கழற்றினால் காற்றோடு பல்லியும் வரும் தம்பி. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் புகுந்து கருகிக் கிடந்த பல்லியை என் மேஜையில் பார்த்திருக்கிறேன், அதோடு போன போர்டையும் பார்த்திருக்கிறேன். ரெண்டர் போட்டுவிட்டு ராத்திரி தூங்குகிறவருக்கு அது வேண்டாம்.

ஆமாம், 155 இடிக்கும். இந்த மாதிரி மெல்லிய பழைய கேபினட்டில் 140-க்கு மேல் போகாதீர்கள், விரல் அளவு இடைவெளியாவது வேண்டும். அந்தப் புனலைக் கழற்றிவிடுங்கள், ஸ்க்ரூவிலோ கொக்கியிலோதான் நிற்கும். வெளிக்காற்றை நேராகப் பெட்டிக் கூலர் தலையில் இறக்குவதற்காக அந்தக் காலத்தில் வைத்தது அது. புனல் போனாலும் மூடியில் இருக்கும் சல்லடை ஓட்டை இருக்கட்டும், காற்று உள்ளே வர வழி.

இனி எந்த வகை என்று பார்ப்போம். ஐ7-2600-க்குப் பெரிய கூலர் தேவையே இல்லை. கே எழுத்து இல்லாத புராசஸர், போர்டும் ஹெச்61, ஓவர்கிளாக், அதாவது வேகத்தை வலிய ஏற்றுவது என்ற பேச்சே கிடையாது. 95 வாட்டைத் தாங்கினால் போதும். 92 மி.மீ. ஃபேன் வைத்த, மூன்று நாலு ஹீட்பைப் (சூட்டைக் கடத்தும் குழாய்) உள்ள சின்ன டவரே தாராளம். நோக்டுவாவின் என்ஹெச்-யூ9எஸ் 125 மி.மீ. உயரம்தான், அருமையான பொருள். ஆனால் உங்கள் மெஷின் முழுவதையும் விற்றால் வரும் காசுக்குக் கூலர் வாங்குவதில் அர்த்தம் இல்லை. உயரம் 125 முதல் 138-க்குள், பெட்டியில் 115எக்ஸ் (1150, 1151, 1155, 1156 எல்லாவற்றுக்கும் பொதுப் பெயர்) அல்லது 1155 என்று அச்சிட்டிருக்க வேண்டும், ஃபேன் ஒயர் 4 பின். கடையில் இந்த மூன்றைக் கேளுங்கள், விளக்கு எரிகிறதா என்று கேட்காதீர்கள். "எல்லா இன்டெலுக்கும் போடலாம்" என்ற வார்த்தையை நம்பாமல் பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள். இப்போது வருவதில் சில 1700-க்கு மட்டும்தான்.

டவர் போடும்போது ஒரு விஷயத்தைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. பெட்டிக் கூலர் போர்டை நோக்கிக் கீழே ஊதும். அந்தக் காற்றுதான் பக்கத்தில் இருக்கும் மாஸ்ஃபெட்டுகளையும் குளிர வைத்துக்கொண்டிருந்தது. டவர் பக்கவாட்டில் ஊதும். புராசஸர் குளிர்ந்துவிடும், ஆனால் ஹீட்சிங்க் இல்லாத மாஸ்ஃபெட்டுகளுக்குக் காற்று போகாது. 65 வாட் புராசஸருக்குச் சமாளித்த மலிவு போர்டில் 95 வாட்டை மணிக்கணக்காக இழுக்கிறீர்கள் என்பதை மறக்காதீர்கள். அதனால் பின்னால் காலியாக இருக்கும் 80 மி.மீ. இடத்தில் ஒரு ஃபேன் போட்டு, காற்றை வெளியே தள்ளும் பக்கமாக மாட்டுங்கள். டவரின் ஃபேனும் அந்தப் பின்பக்கத்தை நோக்கியே ஊத வேண்டும். இது வேண்டாம் என்றால் கீழ்நோக்கி ஊதும் வகையிலேயே ஹீட்பைப் வைத்தது கிடைக்கிறது, அதுவும் சரிதான். உங்கள் எஸ்எம்பிஎஸ் மேலே இருப்பதால், மேல்நோக்கி ஊதும்படி மட்டும் டவரைத் திருப்பி வைக்காதீர்கள்.

பின்னா, ஸ்க்ரூவா? புதிய கூலர்களிலும் அதே பிளாஸ்டிக் பின்னோடு வருவது உண்டு. மாட்டுவது சுலபம், போர்டைக் கழற்ற வேண்டாம். ஆனாலும் உங்களுக்குப் பின்தகடு வைத்து ஸ்க்ரூவில் இறுக்குவதைத்தான் சொல்வேன். டவரின் எடை கேபினட் நிற்கும்போது பக்கவாட்டில் தொங்குகிறது, பழைய போர்டு ஏற்கெனவே கொஞ்சம் வளைந்திருக்கும். பின்தகடு இருந்தால் எடையை நாலு பக்கமும் பகிர்ந்துகொள்ளும்.

பின்தகட்டுக்கு போர்டை வெளியே எடுத்தே ஆக வேண்டும், உங்கள் கேபினட்டில் திறப்பு இல்லை. கரண்டைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒரு தடவை அழுத்திவிட்டு ஆரம்பியுங்கள். முன்பக்க ஸ்விட்ச், எல்ஈடி ஒயர்கள் எங்கெங்கே சொருகியிருக்கின்றன என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

போர்டைத் திருப்பினால் 1155-இல் சாக்கெட்டுக்குப் பின்னாலேயே ஒரு இரும்புத் தகடும் மூன்று நட்சத்திரத் தலை ஸ்க்ரூவும் தெரியும். அது சாக்கெட்டின் சொந்தத் தகடு, அதைக் கழற்றக் கூடாது. கூலரோடு வரும் பின்தகடு அதற்கு மேலே உட்கார வேண்டும், அதற்காக நடுவில் குழி அல்லது திறப்பு விட்டிருப்பார்கள். 775-இல் இந்தத் தகடு இருக்காது. அதனால் சில கூலர் பெட்டியில் அந்த இடத்தை நிரப்ப ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி தனியாகக் கிடக்கும். உங்களுக்கு அது வேண்டாம், அதையும் சேர்த்து வைத்தால் போர்டு தூக்கிக்கொண்டு நிற்கும். பின்தகட்டில் மூன்று வரிசை ஓட்டை இருந்தால் நடு வரிசைதான் உங்கள் 75. இரும்பு எதுவும் பின்பக்கச் சால்டரில் படாமல் பாருங்கள், அதற்குத்தான் பிளாஸ்டிக் வாஷர் கொடுக்கிறார்கள்.

பேஸ்ட் தடவுவதற்கு முன்னால் கூலரைச் சும்மா வைத்துப் பாருங்கள். ஃபேன் முதல் ராம் மேலே வருகிறதா, சாக்கெட் ஓரத்து கெபாசிட்டரில் இடிக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். சாதாரண பச்சை ராம் என்றால் பிரச்சினை இருக்காது, சீப்பு வைத்த கேமிங் ராம்தான் இடிக்கும்.

பழைய பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். செல்போன் சர்வீஸ் சாமான் கடையில் ஐபிஏ என்று கேட்டால் கொடுப்பார்கள். தின்னர், பெட்ரோல், கை கழுவும் ஜெல் எதுவும் வேண்டாம். புதுப் பேஸ்ட் நடுவில் ஒரு பட்டாணியில் பாதி அளவு போதும். விரலால் தேய்க்க வேண்டியதில்லை, கூலர் அழுத்தத்தில் தானாகப் பரவும். நிறையப் போட்டால் நிறையக் குளிரும் என்பது கிடையாது. இரண்டு உலோகத்துக்கும் நடுவில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத இடைவெளியை அடைப்பது மட்டும்தான் அதன் வேலை. அடிப்பக்கத்து பிளாஸ்டிக் உறையை உரித்துவிட்டு வையுங்கள். புதுக் கூலர், ஆனாலும் 100 டிகிரி என்று என்னிடம் வருபவற்றில் அந்த உறையோடு மாட்டியவையும் உண்டு.

ஸ்க்ரூவை ஒரு மூலையில் முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போகாதீர்கள். ஒரு மூலையில் இரண்டு சுற்று, அதற்கு எதிர் மூலையில் இரண்டு சுற்று, அப்படியே மாறி மாறி. ஸ்க்ரூ தானாக நிற்கும் இடம் வரும், அங்கே நிறுத்துங்கள். பிளேயர் எடுத்து மேலும் ஒரு முறுக்கு கொடுக்கும் பழக்கம் நம் ஊரில் அதிகம். அந்த ஒரு முறுக்கில் போர்டு வளைந்து, ஒரு ராம் ஸ்லாட் வேலை செய்யாமல் போய்விடும்.

ஒயரை போர்டில் சிபியு ஃபேன் என்று அச்சிட்ட 4 பின்னில் சொருகுங்கள். பின்பக்க ஃபேன் 3 பின்னாக இருந்தாலும் பரவாயில்லை, சிஸ்டம் ஃபேன் இடத்தில் போடலாம். சாக்கெட் பக்கத்தில் இருக்கும் தனி 4 பின் 12 வோல்ட் ஒயரை மறக்காமல் மாட்டுங்கள். ஃபேன் சுற்றும், டிஸ்ப்ளே வராது என்று பயந்துபோய்க் கொண்டுவருபவர்களில் பலருக்கு அந்த ஒரு ஒயர்தான்.

ராத்திரி அணைந்துபோவது தனிக் கதையாகவும் இருக்கலாம். 98 தொட்டால் இந்தப் புராசஸர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், உடனே அணையாது. கூலர் மாற்றி, சூடு குறைந்த பிறகும் அணைந்தால் எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகப்படுங்கள்.

பாலக்கோடு இ-சேவை:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்களிடம் இருப்பது டெல் ஆப்டிபிளக்ஸ், கம்பெனியில் கழித்துவிட்டதை வாங்கியது, 1155 சாக்கெட்தான். அதற்கும் இந்த 75 மி.மீ. கணக்கு பொருந்துமா? ஃபேன் சத்தத்தில் வருகிறவர்கள் சொல்வது காதில் விழுவதில்லை.

நாலுரோடு சர்வீஸ்:

ஓட்டைக் கணக்கு பொருந்தும், மற்றது பொருந்தாது. அந்த மாதிரி பிராண்டட் மெஷின் பலவற்றில் ஹீட்சிங்க் ஸ்க்ரூ போர்டைத் தாண்டி கேபினட் தட்டிலேயே இறங்குகிறது. ஸ்க்ரூ இறங்கும் குமிழ்கள் தட்டோடு சேர்ந்தவை, உங்கள் புதுப் பின்தகடு அங்கே உட்காராது. சில மாடலில் ஃபேன் ஒயர் 5 பின், சாதாரண 4 பின் நேராக ஏறாது. எப்படியோ ஏற்றினாலும் ஃபேன் தெரியவில்லை என்று ஸ்டார்ட் ஆகும்போதே நிறுத்தி வைக்கும்.

உங்களுக்கு வெளிக் கூலர் வேண்டாம். அதே மாடலில் ஐ7-உடன் வந்த ஹீட்சிங்க், ஃபேன் செட்டாகவே பழைய சாமான் கடைகளில் கிடைக்கும். அதற்கு முன்னால் ஹீட்சிங்க்கைக் கழற்றிச் சுத்தம் செய்து புதுப் பேஸ்ட் போட்டுப் பாருங்கள், இ-சேவை வேலைக்கு அதுவே பாதிச் சத்தத்தைக் குறைத்துவிடும். ப்ளோயரில் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இஷ்டத்துக்குச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். பர்கூர்ப் பக்கம் கிரானைட் பட்டறை ஆபீஸ் மெஷின்கள் சில எனக்கு வரும். அந்தத் தூசி ஈரம் பட்டு இறுகி, ப்ளோயரில் அசையவே அசையாது, ஃபேனைக் கழற்றி பிரஷ்ஷால்தான் ஹீட்சிங்க் இடுக்கை ஒவ்வொன்றாகச் சுரண்ட வேண்டும். பாலக்கோட்டில் அந்தக் கஷ்டம் இல்லை.

காவேரிப்பட்டணம் ஆல்பம்:

அண்ணா, வேலை முடிந்தது. எஸ்.பி. ரோட்டில் 136 மி.மீ. உயரத்தில், 92 மி.மீ. ஃபேன் வைத்த டவர் கிடைத்தது, பெட்டியில் 1155 இருந்தது. பின்பக்கத்துக்கு ஒரு 80 மி.மீ. ஃபேனும் சேர்த்து இரண்டாயிரத்துக்குள் அடங்கியது. பின்தகட்டில் நீங்கள் சொன்னது போலவே மூன்று வரிசை ஓட்டை, நடு வரிசையில் போட்டேன். போர்டைக் கேபினட்டுக்குள் இறக்குவதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிட்டது, டவரோடு சேர்த்து இறக்கினால் எஸ்எம்பிஎஸ் வழிவிடவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றிவிட்டு போர்டை வைத்து, மறுபடி மாட்டினேன். இதைச் செய்யப்போகிறவர்கள் முதலிலேயே எஸ்எம்பிஎஸ்ஸை எடுத்துவிடுங்கள்.

நேற்று ஒரு கல்யாண வீடியோ முழுவதும் ரெண்டர் போட்டேன். அறையில் 34 டிகிரி, புராசஸர் 74, 75-ஐத் தாண்டவில்லை. வேகம் 3.5-இலிருந்து இறங்கவே இல்லை. ராத்திரி அணையவும் இல்லை. சத்தம் இருக்கிறதா என்று குனிந்து கேட்க வேண்டியிருக்கிறது.

ஒரே ஒரு தொல்லை. ஆன் செய்தால் சில நேரம் கறுப்புத் திரையில் சிபியு ஃபேன் எர்ரர், எஃப்1 அழுத்து என்று நிற்கிறது. அழுத்தினால் சாதாரணமாகப் போகிறது. ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. ஃபேன் கெட்டதா, மாற்றித் தரச் சொல்லலாமா?

நாலுரோடு சர்வீஸ்:

ஃபேன் நன்றாகத்தான் இருக்கிறது, திருப்பிக் கொடுக்காதீர்கள். பழைய போர்டுகள் சிலவற்றில் ஃபேன் நிமிடத்துக்கு 600 சுற்றுக்குக் கீழே போனால் நின்றுவிட்டதாக எடுத்துக்கொள்ளும். பெட்டிக் கூலர் எப்போதும் ஆயிரத்துக்கு மேலேயே சுற்றியதால் இது வெளியே தெரியவில்லை. உங்கள் புது ஃபேன் மெஷின் சூடாகாதபோது மெதுவாகச் சுற்றுகிறது, அவ்வளவுதான்.

ஸ்டார்ட் ஆகும்போது டெலீட் பட்டனைத் தட்டி பயாஸுக்குள் (போர்டின் அடிப்படை செட்டிங்) போய், மானிட்டர் என்ற பக்கத்தில் சிபியு ஃபேன் குறைந்தபட்ச வேகம் என்ற மாதிரி ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 600-ஐ 300 அல்லது 200 ஆக்குங்கள். இக்னோர் என்றும் இருக்கும், அதை வைக்காதீர்கள், நாளைக்கு நிஜமாகவே ஃபேன் நின்றாலும் சொல்லாது. அந்த வரியே இல்லாத போர்டு என்றால், அதே பக்கத்தில் ஃபேன் வேகத்தை சைலன்ட்டிலிருந்து ஸ்டாண்டர்டுக்கு மாற்றுங்கள், சுற்று கொஞ்சம் ஏறி எர்ரர் போய்விடும். எஃப்10 அழுத்தி சேவ் செய்துவிட்டு, ஒரு ராத்திரி முழுக்க அணைத்து வைத்துவிட்டுக் காலையில் ஆன் செய்து பாருங்கள். குளிர்ந்த மெஷினில்தான் ஃபேன் மிகவும் மெதுவாக ஆரம்பிக்கும்.

பெட்டியில் மிச்சம் இருக்கும் மற்ற சாக்கெட் கிளிப்புகளைக் குப்பையில் போடாதீர்கள். பின்னால் 1200 போர்டு வாங்கினால் இதே 75-இல் இதே கூலர் ஏறும். ஓசூர்த் தம்பி சொல்கிற மாதிரி 12-ஆம் தலைமுறைக்குப் போனால் அந்தப் பையில் 78-க்கான கிளிப் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.